ஆண்டிச்சாமி மட்டை பார்த்த வாரம்

ஆமத்தூர்ப் பக்கத்தில் பூப்பந்து ஆடுகிற யார் புது மட்டை வாங்கினாலும், முதலில் ஆண்டிச்சாமி கையில் கொடுத்து ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். விருதுநகரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர்கூட, "ஆண்டிச்சாமிகிட்ட காமிச்சுட்டு வாங்க, அவரு வேண்டாம்னா மாத்தித் தாரேன்" என்று சொல்லித்தான் கொடுத்தனுப்புவார். அதனால் கடைக்காரருக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆண்டிச்சாமி ஒரு மட்டையைச் சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை. ஆனால் நல்ல மட்டை என்று சொல்லவும் அவனுக்கு அவசரம் கிடையாது. கேட்டு வந்தவன்தான் ஒற்றைக்காலில் நின்று தவிப்பான்.

அவன் பார்க்கிற முறை இதுதான். மட்டையின் கழுத்தை ஆள்காட்டி விரல்மேல் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பான். நரம்பைக் கட்டைவிரலால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்பான். மிச்சமெல்லாம் களத்தில். பின்கோட்டில் நின்று எதிராளியின் பின்கோடு வரைக்கும் இருபது பந்து. நடுவில் வந்து, பந்து சுழன்று போகிற மாதிரி அறுத்துவிடுவது பத்து. கடைசியாக வலையோரம் நின்று, வருகிற பந்தை அடிக்காமல் வெறுமனே வாங்கி அந்தப் பக்கம் செத்து விழவைப்பது பத்து. நாற்பது பந்தும் முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டான். "கைப்பிடியில வேர்வை இறங்கட்டும்லே. அதுக்குப் பொறகுதான் பேட்டு தன் குணத்தைக் காட்டும்" என்பான். கோயில் பூசாரிகூட இவ்வளவு நேரம் காக்கவைக்க மாட்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டு அடுத்த மட்டையையும் அவனிடமே கொண்டுவருவார்கள்.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரிசல் காட்டில் கூலிக்கு மிளகாய் எடுத்தவர்கள். இவன் காலத்தில் காட்டுவேலை குறைந்து, பட்டாசு செய்கிற வெடி ஆபீஸ் வேலை வந்துவிட்டது. பதினெட்டு வயதில் உள்ளே போனான். கல்யாணமும் அங்கேயே அமைந்தது. பொன்னுத்தங்கம் அதே கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள். காலையில் வேலை, மதியம் வெயில் இறங்கியதும் களம், இருட்டினால் வீடு. இதைத் தாண்டி அவன் எதையும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டதெல்லாம் களத்தில் பின்வரிசை வலது மூலை ஒன்றுதான். பதினான்கு வருஷம் அந்த மூலையில் நின்றான். அங்கிருந்து அவன் தூக்கி அடித்தால், மஞ்சள் கம்பளிப் பந்து எதிராளி பின்கோட்டுச் சுண்ணாம்பின்மேல் போய் உட்காரும்.

பூப்பந்துக்கு ஒரு பக்கம் ஐந்து பேர். கேப்டன் ஜெயச்சந்திரன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்கு, நடுவில் ஆடுவார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அண்ணன் தம்பி இருவர், தம்பி முன்னால், அண்ணன் பின்னால். முன்வரிசையில் இன்னொரு ஆள் அய்யாதுரை. அவன் வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவன். வாய் ஓயாது. வலையோரம் நின்றுகொண்டு எதிராளியிடம் குசலம் விசாரிப்பான். அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது பந்து அவர் காலடியில் விழுந்து கிடக்கும்.

இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில், சீசன் வேலை உச்சத்தில் இருந்தபோது, ஆண்டிச்சாமி தூக்கிவந்த வெடிமருந்துத் தட்டில் எங்கிருந்தோ ஒரு பொறி பட்டது. தட்டை வெளியே மணலில் வீசிவிட்டான். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. அவன் வலது கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோனது.

மதுரை ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு நாள். தொடையில் தோலெடுத்து உள்ளங்கையில் வைத்தார்கள். மற்ற நாலு பேரும் முறைபோட்டுக் கூட இருந்தார்கள் என்றாலும், அதிகம் இருந்தது அய்யாதுரைதான். அவனுக்கு லீவு கேட்க வேண்டிய மேஸ்திரி யாரும் கிடையாது. கட்டு மாற்றுகிற நேரத்தில் ஆண்டிச்சாமியின் தோளைப் பிடித்துக்கொள்வான். ஆண்டிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொள்வான். அய்யாதுரை திருப்பமாட்டான். சோறு ஊட்டிவிடுவான். ஊட்டும்போதும் ஊர்க்கதையை நிறுத்தமாட்டான்.

ஊர் திரும்பியபோது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் தேறியிருந்தன. கடைசி இரண்டு விரல் மட்டும் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. மூடவும் மூடாது, நிமிரவும் நிமிராது. கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். அதற்கு அந்தக் கை போதும். மட்டை பிடிக்கப் போதாது. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் தன் பழைய மட்டையை எடுத்து ஒரு வீச்சு வீசிப் பார்த்தான். அது கையிலிருந்து நழுவி ஆட்டுரல் பக்கம் போய் விழுந்தது. எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டான். அதற்கப்புறம் பேச்சும் குறைந்தது. எல்லாரும் தனக்கு எம்புட்டோ செய்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவோமோ என்ற பயத்தில், சொல்லாமலே இருந்தான்.

பங்குனி பிறந்தது. விருதுநகரில் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை ஒட்டி ஐவர் பூப்பந்துப் போட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயச்சந்திரனும் அய்யாதுரையும் ஆண்டிச்சாமி வீட்டுக்கு வந்தார்கள். அய்யாதுரை கையில் வேட்டித்துணியில் சுற்றிய ஒரு மட்டை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணும்ப்பா" என்றார் ஜெயச்சந்திரன். "குடுத்த பொறகு மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. உன் பேரை முதல்ல எழுதி வச்சிருக்கேன். நீ ஆடலைன்னா ஆனைக்குட்டத்திலிருந்து விக்னேஷ்வரன் வாரேன்னிருக்காரு. பின்னால நல்லா ஆடுறவரு. ஆனா நீ சொன்னாத்தான்."

"நான் என்னண்ணே சொல்ல? கை இப்படி இருக்கு."

"கையைப் பத்தி இப்ப யாருலே கேட்டா?" என்றான் அய்யாதுரை. "ஒரு பேட்டு கொண்டாந்திருக்கேன். அதைப் பாத்துச் சொல்லு. எப்பவும் சொல்லுவியே, அது மாதிரி."

நாலு பேருமாகச் சேர்ந்து வாங்கிய புது மட்டை. கைப்பிடி மட்டும் கடையில் கிடைக்கிற சமாசாரம் இல்லை. பதினைந்து நாளுக்கு முன்னால் அய்யாதுரை பசைமாவைக் கெட்டியாக உருட்டிக்கொண்டுவந்து, "சும்மா பிடி" என்று ஆண்டிச்சாமி கையில் அழுத்திவிட்டுப் போனது இதற்குத்தான். மூடாத அந்த இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அந்த மாவில் அளவெடுத்து, குழாய்க் காகிதத்தைப் பசை தடவித் தடவிக் கைப்பிடிமேல் உருட்டி, ஒரு பக்கம் பருமனாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் கொண்டுவந்திருந்தான். அதன்மேல் சணல் சுற்றிப் பசை போட்டது பொன்னுத்தங்கம். அவளும் வீட்டில் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் கம்பெனி விட்டு வருகிற வழியில் அய்யாதுரை வீட்டில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறாள். ஆண்டிச்சாமி பிடித்துப் பார்த்தான். விரல்கள் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ஏழு மாசத்துக்கு அப்புறம் ஒரு மட்டை அவன் கையில் நின்றது. "நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

திங்கள் காலை, வேலைக்குப் போகுமுன் களத்துக்குப் போனார்கள். காற்று இன்னும் எழும்பவில்லை. கம்பளிப் பந்துக்குக் காற்று ஆகாது. அய்யாதுரை அந்தப் பக்கமிருந்து பந்தைத் தூக்கிப் போட்டான். ஆண்டிச்சாமி பின்கோட்டில் நின்று அடித்தான். அடி விழுந்ததும் சத்தம் நேரே எலும்புக்குள் போனது. மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறிப் பல்லில் போய் நின்றது. இரண்டாவது பந்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறாவது பந்தோடு மட்டையை அக்குளில் செருகிக்கொண்டான்.

"எப்படிலே இருக்கு?" என்று அய்யாதுரை வலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. வேலைக்கு நேரமாச்சு."

அன்று சாயங்காலம் பொன்னுத்தங்கமும் அதையேதான் கேட்டாள். அதையேதான் சொன்னான். அவள் நம்பினாள். சந்தோஷத்தில், "எத்தனை பந்து அடிச்சீக?" என்று கேட்டாள்.

"ஆறு."

அவள் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள். பதினைந்து வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவள். நாற்பது பந்து முடியாமல் இந்த மனுஷன் சொந்த மாமனார் மட்டையைக்கூட நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டான். "கையைக் காட்டுங்க" என்றாள். அவன் பின்னால் மறைத்தான். அவள் இழுத்துப் பார்த்தாள். ஒட்டவைத்த தோலில் இரண்டு கொப்புளம். ஒன்று உடைந்திருந்தது.

மட்டையை எடுத்துக் கைப்பிடியை விரலால் சுண்டினாள். டொக்கென்று கல்லைத் தட்டின சத்தம். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் வெடியைச் சுத்துற மாதிரி சுத்தி வச்சிருக்கேன்" என்றாள். "இறுக்கிச் சுத்துனாத்தான் சத்தம் நல்லா வரும்னு பதினேழு வருசமா சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்காக. உங்க கைக்குச் சுத்துறேன்னு நெனச்சு உக்காந்தேன். கை வெடிக்குத்தான் சுத்தியிருக்கு."

"நீ என்ன வேணும்னா செஞ்ச?"

"வேணும்னு செஞ்சிருந்தாக்கூட இம்புட்டு இறுக்கமா வந்திருக்காது. பொய் வேற சொல்லுதீகளே. உங்ககிட்ட நான் நல்ல பேரா கேட்டேன்?"

இரண்டு நாள் அந்தக் கையை ஆறப்போட்டாள். கொப்புளம் வற்றியது. புதன்கிழமை மதியம் கம்பெனி விட்டு வந்ததும் சணலை அறுத்து எறிந்துவிட்டுத் தன் பழைய சேலை ஒன்றை எடுத்தாள். வெடி ஆபீஸில் நூல்சேலை தவிர வேறு கட்டக்கூடாது என்பதால், அவளிடம் இருக்கிற பழசெல்லாம் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன நூல்சேலைதான். அதை விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுற்றினாள். சுற்றி முடித்துச் சுண்டினால் மறுபடி டொக். அவிழ்த்துச் சுற்றினாள். மறுபடியும் அதே டொக். துணியை மாற்றினாலும் கையை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? எவ்வளவு மெதுவாகச் சுற்ற நினைத்தாலும், கடைசி இழுப்பில் விரல் தானாக ஒரு வெட்டு வெட்டி இறுக்கிவிடுகிறது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

சுற்றியதை மறுபடியும் அவிழ்த்துப் போட்டாள். பிறகு, "நீங்க ஏதாவது பேசுங்க" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது. கம்பெனியில நாங்க பேசிக்கிட்டே சுத்துனா மேஸ்திரி கத்துவாரு. பேச்சு ஓடுனா நூலு தொளதொளன்னு போயிருமாம். இன்னைக்குத் தொளதொளன்னுதான் போகணும். பேசுங்க, நான் காது குடுத்துக்கிட்டே சுத்துறேன்."

ஏழு மாசமாக வாயைப் பூட்டி வைத்திருந்த மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? அவன் முதலில் லேபிள் ஒட்டுகிற கதையைச் சொன்னான். அது இரண்டு சுற்றுக்குக்கூடப் போதவில்லை. மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல், "மதுரைக்கு எத்தனை தடவை பஸ்ஸுல வந்தே, தங்கம்?" என்று கேட்டான்.

"யாரு எண்ணினா. நீங்க சொல்லுங்க."

"வேலைக்கும் போயிட்டு, மதியம் பஸ்ஸைப் பிடிச்சு வருவே. உன் கையெல்லாம் பசை காஞ்சிருக்கும். ஒரு நாளும் கழுவிட்டு வர நேரம் இருந்ததில்ல உனக்கு. நான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன், தூங்குறதா நெனச்சு நீ தலைமாட்டுல உக்காந்து அந்தப் பசையை உரிச்சுக்கிட்டு இருப்பே. நான் தூங்கல. உன்னைப் பாத்தா அழுகை வந்துரும்னு மூடிக்கிட்டேன். நீ இல்லைன்னா நான் அந்தக் கட்டிலோட போயிருப்பேன். இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்லத் தெரியல."

பொன்னுத்தங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் அய்யாதுரையைப் பற்றிச் சொன்னான், ஜெயச்சந்திரன் அண்ணன் ரத்தம் கொடுத்ததைச் சொன்னான், ரசம்சோறு தவிர வேறு இறங்காத நாளில் அண்ணன் தம்பி இருவரும் ஊரிலிருந்து தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்ததைச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். சேலைத்துண்டு தீர்ந்துபோனதுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு அவள் முனையை மடித்துத் தைத்து, சுண்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"பிடிங்க" என்று கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனாள். உள்ளே கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் களம். அய்யாதுரை பந்து போட, ஆண்டிச்சாமி பின்கோட்டில் நின்றான். இந்த முறை வலி இல்லை. மட்டை கையோடு கையாக இருந்தது. இருபது பந்தையும் மூச்சைப் பிடித்து அடித்தான். ஒன்றுகூட எதிர்ப்பக்கம் பின்கோட்டைப் பார்க்கவில்லை. எல்லாம் நடுவிலேயே தொங்கி இறங்கின. நல்ல ஆள் எவனும் அந்தப் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவான். நடுவில் வந்து அறுத்துவிட்ட பத்தில் நாலு தேறியது. அவன் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் ஆறு பந்தோடு நிறுத்தினதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது ஞாபகம் இருந்தது. மிச்சம் பத்தையும் பார்த்துவிடுவோம் என்று வலையோரம் வந்தான்.

அய்யாதுரை வேகமாக ஒன்றை அனுப்பினான். ஆண்டிச்சாமி மட்டையைக் காட்டினான், அவ்வளவுதான். பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்து கிடந்தது. அடுத்ததும் அப்படியே. முழுக்க மூடாத கை பந்தின் வேகத்தையெல்லாம் வாங்கி விழுங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடிக்கிறவன் வருஷக்கணக்கில் பழகினாலும் வராத மெதுவு அது. பத்துக்குப் பத்தும் விழுந்தது.

கைப்பிடியில் வேர்வை இறங்கியிருந்தது. ஆண்டிச்சாமி மட்டையை ஆள்காட்டி விரல்மேல் வைத்தான். கைப்பிடிப் பக்கமாகச் சாய்ந்தது. திங்கட்கிழமையும் சாய்ந்ததுதான். அன்றைக்குச் சணலும் பசையும் கனக்கிறது என்று விட்டுவிட்டான். இன்றைக்குத்தான் சணல் இல்லையே, வெறும் துணிதானே. காகிதத்தின் கனத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் இவ்வளவு சாயாதே. தலைப்பக்கம் விளிம்பைத் தடவிப் பார்த்தான். புது வார்னிஷுக்கு அடியில் மரம் மெலிந்திருந்தது. கண்ணாடித் துண்டு வைத்துச் சீராகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, யாருக்கும் தெரியாமல் மேலே பூசியிருக்கிறது. தலை கனமில்லாத மட்டை பின்னாலிருந்து தூக்கி அடிக்க உதவாது. வலையோரம் நிற்கிறவனுக்குத்தான் உதவும், சட்டுச் சட்டென்று திருப்ப.

முதலில் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல மட்டையைக் கெடுத்துவிட்டானே என்று. மறு நிமிஷம் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அய்யாதுரைக்கு மட்டை தெரியாதா? பதினான்கு வருஷமாக முன்வரிசையில் ஆடுகிறவன். தெரிந்தேதான் சுரண்டியிருக்கிறான்.

"அய்யாதுரை, இங்கன வா."

வந்தான்.

"இது பின்னால நிக்கிறவன் பேட்டு இல்லலே."

அய்யாதுரை ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் நின்று ஆண்டிச்சாமி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முன்னால ஆடுறதுக்குச் செஞ்சிருக்கே. முன்னால இருக்கது ரெண்டு இடம். ஒண்ணு தம்பி நிக்கான். இன்னொண்ணு உன் இடம்."

"எனக்கு முட்டு வலிக்குலே. குனிய முடியல."

"நேத்து மரத்துல ஏறி முருங்கைக்காய் பறிச்சியாம்."

அய்யாதுரை கீழே கிடந்த பந்து ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினான். "முப்பத்திரண்டு நாளும் கட்டு மாத்துறப்ப நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவ. நான்தான் உன் கையைப் பாத்தேன். பின்னாலருந்து இனிமே அடிக்காதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உன்கிட்ட எப்படிச் சொல்ல? சரி, என்ன முடியும்னு பாத்தேன். அம்புட்டுத்தான். விக்னேஷ்வரனைப் பின்னாலைக்குப் பேசிவச்சது நான்தான், ஜெயச்சந்திரண்ணன் இல்ல. நீ ஆடுனாலும் அவரு வரணும், ஆடாட்டியும் அவரு வரணும்."

"நீ?"

"நான் வெளிய உக்காந்து தண்ணி குடுக்கேன். வாய் இருக்கில்ல, கத்துவேன்."

அன்றைக்கு லேபிள் ஒட்டுகிற வேலை ஓடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மானம் நிற்கும். ஆனால் பதினைந்து நாள் உட்கார்ந்து பசைமாவில் அளவெடுத்து, காகிதம் உருட்டி, விளிம்பைச் சுரண்டியவனின் முகத்தில் அடித்தது போலாகும். சரி என்று சொல்லிவிட்டால், அவன் வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். சாயங்காலம் பொன்னுத்தங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். இப்போது அவனுக்குச் சொல்ல வந்தது. அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில ஊட்டிவிட்டாரே, வாயைத் திறந்து வாங்கினீகள்ல?" என்றாள். "இதையும் வாங்கிக்கிடுங்க. வாங்காம விட்டா அவருக்குத்தான் தொண்டையில நிக்கும்."

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயச்சந்திரன் வீட்டுக்கு ஆண்டிச்சாமியே நடந்து போனான். அவர் பேரெழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிற நேரம்.

"நாப்பது பந்தும் பாத்துட்டேண்ணே" என்றான். "நல்ல பேட்டு. பின்னாலைக்கு ஆகாது. வலைகிட்ட அதை மாதிரி பேட்டு நான் பிடிச்சதில்ல. அய்யாதுரை இடத்துல நான் நிக்கேன். பின்னால விக்னேஷ்வரனைப் போடுங்க. அய்யாதுரை பேரையும் மாத்து ஆளா எழுதி வைங்க."

ஜெயச்சந்திரன் தாளை விரித்துக் காட்டினார். அப்படியேதான் எழுதியிருந்தது. அவருக்கு மட்டும் என்ன, தெரியாதா?

போட்டி அன்று முதல் ஆட்டம் சாத்தூர்ப் பக்கத்து ஐவரோடு. முதல் செட் போனது. ஆண்டிச்சாமியின் கால்கள் பின்னால் ஓடியே பழகியவை, வலையோரத்தில் அவற்றுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாவது செட்டில் நின்றான். பந்து வரட்டும் என்று நின்றான். வந்த பந்தெல்லாம் அந்தப் பக்கம் செத்துச் செத்து விழுந்தது. பின்னால் விக்னேஷ்வரன் சிங்கம் மாதிரி அடித்தார். இரண்டாவது, மூன்றாவது செட்டை எடுத்து ஆட்டத்தை ஜெயித்தார்கள். அய்யாதுரை சொன்ன சொல் தவறாமல், தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினான்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் வேப்பமர நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாத்தூர் டீம்காரர் ஒருவர், பல வருஷம் எதிரெதிரே ஆடிய பழக்கத்தில் அங்கே வந்தார். "என்ன அய்யாதுரை, வெளிய உக்காந்துட்டீக? வலைகிட்ட உங்க வாயில்லாம ஆட்டமே சப்புனு இருக்கே."

"முட்டு வலிண்ணே" என்றான் அய்யாதுரை. "டாக்டர் ஆடக்கூடாதுன்னுட்டாரு."

ஆண்டிச்சாமி சொம்பைக் கீழே வைத்தான்.

"அவனுக்கு முட்டுவலி இல்லண்ணே" என்றான். குரல் கொஞ்சம் உடைந்தது, இருந்தாலும் நிறுத்தவில்லை. "என் கை இப்படி ஆனப்ப எனக்குச் சோறு ஊட்டினவன் இவன். இனிமே நான் பின்னால ஆட முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, எனக்குன்னு ஒரு பேட்டைச் செஞ்சு, தன் இடத்தை எனக்குக் குடுத்துட்டு வெளிய உக்காந்திருக்கான். முட்டுவலின்னு பொய்யும் சொல்லுதான். அது அவன் இடம்ண்ணே. நான் நின்னுக்கிட்டிருக்கேன்."

கேட்டவர் அய்யாதுரையின் தோளில் கையை வைத்தார். அய்யாதுரை துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். களத்தில் விசில் ஊதினார்கள்.

"போலே" என்றான் கடைசியில், துண்டை எடுக்காமலே. "சர்வீஸ் உனக்குத்தான்."